பட்டன் வண்டி இழுக்குமா?

கூனிமலைத் தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பிப் போவது என்று முடிவானதும், பங்களாவில் இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி பிறந்தது. பியானோ நுவரெலியாவுக்குப் போயிற்று. பெரிய குதிரைகள் இரண்டையும் டயகமப் பக்கத்துத் துரை ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். மிஞ்சியது பட்டன் மட்டும்தான். துரை மகள் சின்ன மிஸ்ஸி ஏறி விளையாடுவதற்காகக் கப்பலில் வரவழைத்த குட்டைக் குதிரை அது. குதிரைக்காரன் வீரபத்திரனுக்கு இடுப்பளவுதான் இருக்கும். மிஸ்ஸி படிக்கப் போய் ஆறு வருஷமாயிற்று. அன்றிலிருந்து புல் தின்பதும் வயிறு வளர்ப்பதும்தான் பட்டனுக்கு உத்தியோகம்.

வைத்துக் காப்பாற்ற ஆளில்லாத பிராணியை விட்டுவிட்டுப் போவது பாவம் என்பது துரையின் கட்சி. போன வருஷம் கிழட்டு நாயைத் தன் கையாலேயே சுட்டுவிட்டு, அன்று முழுவதும் சாப்பிடாமல் கிடந்தார். இரக்கத்தில் இப்படியும் ஒரு ரகம் உண்டு. நமக்குப் புரியாவிட்டால் துரைமாருக்கு என்ன நஷ்டம்?

அந்தச் சமயத்தில்தான் லிந்துலைக் கடைக்காரர் முத்துலிங்கம் பிள்ளை ஒரு பேச்சை எடுத்தார். அவர் கடை அரிசியும் மண்ணெண்ணெயும் தோட்டங்களுக்குப் போகிற குறுக்குப் பாதைகளில் மாட்டுவண்டி நுழையாது, எல்லாம் தலைச்சுமைதான். சின்ன வண்டியும் சின்னக் குதிரையுமாக இருந்தால் நுழையும். ஆனால் இந்தப் பொம்மைக் குதிரை வண்டியை இழுக்குமா, இல்லை இதையும் வண்டியில் ஏற்றி இன்னொருவன் இழுக்க வேண்டியிருக்குமா என்று அவருக்குச் சந்தேகம். வீரபத்திரன் இழுக்கும் என்று சொன்னால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். துரையும் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை காலையில் வீரபத்திரன் தன் முடிவைச் சொல்ல வேண்டும். இழுக்கும் என்றால் பிள்ளைக்கு, இழுக்காது என்றால் துப்பாக்கிக்கு.

தானே வைத்துக்கொள்கிறேன் என்று வீரபத்திரன் கேட்டுப் பார்த்தான். வரப்போகிற துரைக்கு மோட்டார் கார் உண்டு, குதிரைக் கொட்டில் கார் நிறுத்தும் இடமாகப் போகிறது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் குதிரை கட்ட யாரும் விடமாட்டார்கள் என்று துரை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். வீரபத்திரனுக்கும் அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை முதல் புல்வெட்டு வேலையில் பேர் போட்டாயிற்று.

துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த தாய் தகப்பனுக்கு இந்த மலையிலேயே பிறந்தவன் அவன். பன்னிரண்டு வயதில் குதிரைக்குப் புல்லறுக்க வந்தான், இப்போது ஐம்பத்தைந்து. கொட்டிலை ஒட்டிய அறையில்தான் வாசம். பங்களா ஆட்களுக்கு அவன் மேல் குதிரை நாற்றம் அடித்தது. லயத்து ஆட்களோ, துரை வீட்டு ஆள், போய்ச் சொல்லிவிடுவான் என்று அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஆக, இரண்டு பக்கமும் சேர்த்தி இல்லாத பிழைப்பு. காளியாயி இருந்தவரைக்கும் அது அவனுக்கு உறைக்கவில்லை. ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் அவள் வாய் ஓயாது. அவன் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பிள்ளை குட்டி இல்லை. மூன்று வருஷத்துக்கு முந்திய மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி நாலே நாளில் போய்விட்டாள். அதற்குப் பிறகு துரையிடம் "சரிங்க" என்பதையும் பட்டனிடம் பேசுவதையும் விட்டால் அவன் வாயைத் திறக்க அவசியமே இருக்கவில்லை.

சோதனையை அவன் ஒழுங்காகத்தான் செய்தான். பொய் சொல்லிக் காப்பாற்றினால் முதல் ஏற்றத்திலேயே பட்டன் நெஞ்சு வெடித்துச் செத்துப்போகும் என்பது அவனுக்குத் தெரியும். திங்கட்கிழமை ஸ்டோருக்கு ஓட்டிப் போய்த் தேயிலைப் பெட்டி நிறுக்கும் தராசில் ஏற்றினான். முந்நூற்று இருபது ராத்தல். ஸ்டோர் ஆட்கள், எத்தனாம் நம்பர் தூள் என்று கேட்டுச் சிரித்தார்கள். மேட்டில் அது தன் எடையில் பாதியை இழுத்தால் போதும் என்று அவன் கணக்குப் போட்டான். பல்லைப் பார்த்தான்; பதினாலு வயதுக்கு மோசமில்லை. வளர்ந்துகிடந்த குளம்பைச் சீவினான். முழங்காலுக்குக் கீழே நரம்பைத் தடவித் தடவி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தான். சாக்கை மடித்துத் தைத்து நெஞ்சுப் பட்டை செய்து, செவ்வாயும் புதனும் ஒரு மரக்கட்டையைக் கட்டி இழுக்கவிட்டான். ஆடி மாதச் சாரல். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். பட்டன் கயிறு பிடிக்காமலே பின்னால் வந்தது.

வியாழக்கிழமை பிள்ளையின் வண்டிக்காரன் சிவசாமி சின்ன வண்டியோடு வந்தான். நாற்பதைத் தாண்டிய, சாதுவான மனுஷன். நூற்றறுபது ராத்தல் ஏற்றினார்கள். முதுகில் பாரம் அழுந்தாதபடி மூட்டைகளைச் சக்கரத்துக்கு நேராகத் தள்ளி வைத்து, பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிறதா என்று வீரபத்திரன் பார்த்துக்கொண்டான். பிறகு முன்னால் நடந்தான். பட்டன் கோயில் வளைவு வரைக்கும் ஒரு தடவைகூட நிற்காமல் ஏறியது. விலாவில் காதை வைத்துக் கேட்டான். இரைப்பு இருந்தது, ஆனால் சீக்கிரமே அடங்கியது.

வம்பு அதற்குப் பிறகுதான். சிவசாமி முன்னால் நடந்தபோது பட்டன் முளை அடித்த மாதிரி நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், கருப்பட்டி காட்டினான். கருப்பட்டியைத் தின்றுவிட்டு மறுபடியும் நின்றது.

"எனக்கு நடக்கலியே அண்ணே. பிள்ளைகிட்ட என்னன்னு சொல்லுறது?" என்று சிவசாமி வருத்தத்தோடு கேட்டான்.

சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லி, வண்டியை மட்டும் நிறுத்திக்கொண்டு அவனை அனுப்பிவைத்தான் வீரபத்திரன். மறைத்து என்ன, அன்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. தன்னைத் தவிர இன்னொருவன் பின்னால் போக மாட்டேன் என்று அடம்பிடிக்க ஒரு ஜீவன் இருக்கிறதே. அந்த அடம்தான் அதன் உயிருக்கு உலை வைக்கப் போகிறது என்ற நினைப்பு வந்ததும் வெட்கமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மழை கொஞ்சம் விட்டது. சொட்டச் சொட்ட நனைந்திருந்த கம்பளியைப் பங்களாச் சமையலறைச் சுவரின் சூட்டில் உலரப் போட்டுவிட்டு, வெறும் சட்டையோடு வந்து பட்டனை வண்டியில் பூட்டினான். முன்னால் நடந்து பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் பட்டன் அசையவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டான். நேற்றுச் சிவசாமியைப் பார்த்த அதே பார்வையோடுதான் அவனையும் பார்த்தது. பிறகு கழுத்தைத் திருப்பிச் சமையலறைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

அவன் போய்க் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்தான். வண்டி நகர்ந்தது.

அது காளியாயியின் கம்பளி. சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது அதன் மடிப்பில் ஒரு பிடி இளம்புல்லோ, ரொட்டித் துண்டோ பட்டனுக்கு இல்லாமல் வரமாட்டாள். அவள் செத்த அன்று, கிழிந்த கம்பளியோடு அவளை அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. தன்னுடைய புதுக் கம்பளியை அவளுக்குச் சுற்றிக் குழியில் இறக்கிவிட்டு, அவளுடையதைத் தான் வைத்துக்கொண்டான். மழையோ வெயிலோ, மூன்று வருஷமாகக் காலை மாலைக் குளிருக்கு அதுதான் அவன் தோளில் கிடந்தது. பட்டன் தன் பின்னால் வருவதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அது அவள் பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறது. மழை மறுபடியும் பிடிக்கும் வரைக்கும் அவன் அந்தக் குட்டைக் கழுத்தைக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை காலையில் துரை வராந்தாவில் நின்றார். துப்பாக்கி உள்ளே எங்கோ தயாராக இருந்திருக்கும். பிள்ளையின் சார்பில் சிவசாமி வந்திருந்தான். வீரபத்திரன் கம்பளியைக் கழற்றி, தன் கையாலேயே சிவசாமியின் தலையோடு போர்த்தி, காளியாயி மடிக்கிற மாதிரியே முனையை மடித்துவிட்டான்.

"இது ஒனக்குத்தான். தெனமும் இதப் போட்டுக்கிட்டு முன்னால நட. மழையில நனைஞ்சா நனையட்டும். சவுக்காரம் மட்டும் போட்டுராத தம்பி."

சிவசாமி நடந்தான். பட்டன் காதை முன்னால் விறைத்துக்கொண்டு, மூட்டைகளோடு அவன் பின்னால் போயிற்று. இழுக்குமா என்று துரை கேட்டார். இழுக்குமுங்க என்றான் வீரபத்திரன். கோயில் வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும் என்று காத்திருந்தான். பார்க்கவில்லை. சாக்கு ஒன்றை மடித்துத் தலையில் கொங்காணியாக மாட்டிக்கொண்டு காலிக் கொட்டிலைக் கூட்டப் போனான்.

திங்கட்கிழமை விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சாக்குக் கொங்காணியோடு நின்றவனைப் பார்த்து, கம்பளி எங்கே என்று கணக்கப்பிள்ளை கேட்டார். தொலைந்துபோயிற்று என்று சொல்லிவிட்டான். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தான். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை லிந்துலைக்கு நடந்து, பாலத்துக்குப் பக்கத்தில் நின்றான். சிவசாமி கம்பளியோடு வந்தான். பின்னால் பட்டன், கொஞ்சம் வயிறு வற்றி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கூப்பிட்டான். அது அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, சிவசாமியின் முதுகுப்பக்கம் மூக்கைக் கொண்டுபோயிற்று.

"தொவைக்கலையே?"

"இல்லண்ணே. நீங்க சொன்னீங்கள்ல."

வீரபத்திரன் கம்பளியின் முனையைக் கையில் எடுத்து முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டான். சிவசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவசரப்படுத்தவில்லை. பிறகு வண்டி கிளம்பியது. முன்னால் கம்பளி போயிற்று. அதன் பின்னால் பட்டன் போயிற்று. கடை வரைக்கும் ஒரு மைல் தூரம், வீரபத்திரனும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போனான்.