துளைகளில் எலும்பு வளரும் காலம்

என் கணவரின் இடது கணுக்காலுக்குச் சற்று மேலே வலி தொடங்கியபோது, பழியை கிளட்ச் மீது போட்டோம். சுந்தர் அப்போது பெங்களூரில் பொம்மனஹள்ளியிலிருந்து வைட்ஃபீல்டுக்கு ஐ.டி. ஊழியர்களை ஏற்றிச்செல்லும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நெரிசலில் நாள் முழுக்க கிளட்சை மிதிப்பவருக்குக் கால் வலிக்காவிட்டால்தான் ஆச்சரியம். தைலம் தேய்த்தோம். வீக்கம் இறங்கவில்லை. ஒரு நாள் வண்டியிலிருந்து இறங்கியவர், காலை ஊன்ற முடியாமல் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

எக்ஸ்ரேயில் எலும்பின் கீழ்முனை நுரை போலத் தெரிந்தது. பயாப்சி (கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது) செய்தார்கள். ஜயன்ட் செல் கட்டி (எலும்பின் முனையில் வளர்ந்து அதை அரிப்பது, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல) என்று முடிவு வந்தது. எங்கள் டாக்டர் கன்னடக்காரர்; எங்களுக்காகத் தமிழில் பேசுவார். கட்டி எலும்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டது, சுரண்டி எடுத்தால் போதாது, அந்தப் பகுதியையே வெட்டி எடுக்க வேண்டும் என்றார். அந்த இடத்தில், சுந்தரின் காலுக்கென்றே அளவெடுத்து முப்பரிமாண அச்சில் உருவாக்கிய டைட்டானியத் துண்டு உட்காரும். கணுக்கால் இனி மடங்காது. ஆனால் கால் மிஞ்சும்.

மாதிரிக்கு ஒரு துண்டை மேசையில் வைத்தார். கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்த சாம்பல் நிற உலோகம். நான் அதைக் கையில் எடுக்கவில்லை. நான் ஒரு சோதனைக்கூடத்தில் டெக்னீஷியன். அப்படிப்பட்ட துண்டுகளை இயந்திரத்தில் வைத்து நசுக்குவது என் வேலைகளில் ஒன்று.

ஏன் துளை என்று உங்களுக்கும் தோன்றலாம். கெட்டியான டைட்டானியம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. உடலின் பாரத்தை அதுவே வாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்புக்கு வேலை இருக்காது. வேலையில்லாத எலும்பு மெலிந்துபோகும். துளைகள் விட்டால் விறைப்பு எலும்பின் அளவுக்குப் பக்கத்தில் இறங்கும். துளைக்குள் எலும்பு வளரவும் இடம் கிடைக்கும். ஆனால் துளை கூடக் கூட வலு குறையும். எவ்வளவு குறையும் என்று பார்ப்பதற்குத்தான் நாங்கள் உடைக்கிறோம்.

வீடு திரும்பும் ஆட்டோவில் சுந்தர் கேட்டார்.

“நீ டெய்லி போட்டு ஒடைக்கிறியே, அதே ஐட்டமா வனிதா?”

“அதேதாங்க.”

“எப்டி ஒடையும்?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. பாரத்தை விடாமல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் முதலில் துளைகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய உலோக இழை ஒன்று விடும், ‘டிக்’ என்று சின்னதாகச் சத்தம் கேட்கும், பிறகு பக்கத்து இழைகள் போகும் என்றேன். நடக்கும்போது அவ்வளவு பாரம் வராத மாதிரிதான் வடிவமைப்பார்கள் என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில வாரங்கள் காலைத் தரையில் வைக்கவே கூடாது என்றார்கள். அதன் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் போடச் சொன்னார்கள். பிசியோதெரபிஸ்ட் எதிரில் நின்றால் சுந்தர் ஊன்றுவார். அவர் போனதும் கால் மேலே போய்விடும். கேட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்பார். கெஞ்சினேன், கோபித்தேன். வெறும் சுவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார். அவர் எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு காலையில் சமையலறை வாசல்வரை வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. “கேட்டுச்சு,” என்றார். “டிக்குன்னு.” அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோவுக்குப் போன் செய்தேன். அந்தச் சத்தத்தை வேலையிடத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூடப் பயந்ததில்லை.

என் சோதனைக்கூடத்தில் கேட்கும் சத்தத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன்; ஆஸ்பத்திரியில் உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். துண்டு முழுதாக இருந்தது. பிறகு, காலையில் நடந்த மாதிரியே நடந்து காட்டச் சொன்னார். சுந்தர் என் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து, வாக்கரைப் பற்றினார். இரண்டடி வைத்ததும் அதே சத்தம். டாக்டர் குனிந்து வாக்கரின் காலைப் பிடித்து ஆட்டினார். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தான் சரியாக மாட்டாமல் ‘டிக்’ என்றது. மூவருமே சிரிக்கவில்லை.

டாக்டர் படத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். உலோகத்தை ஒட்டிய எலும்பு மங்கலாக, மெலிந்து தெரிந்தது. பயன்படுத்தாததால் வந்த மெலிவு என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க லேப்ல டெஸ்ட் பண்றது காலி ஓட்டைம்மா. இவர் கால்ல அது காலியா இருக்காது. எலும்பு உள்ள வந்து பாதி பாரத்த அது எடுத்துக்கும். ஆனா வெயிட் போட்டாதான் வரும். ஸ்வல்ப ஸ்வல்பமா, கொஞ்சம் கொஞ்சமா போடுங்க.”

எனக்கு அது புதிய செய்தி அல்ல. துளைகள் எதற்கென்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் இயந்திரத்தில் வைக்கும் எதுவும் தன்னைச் சரிசெய்துகொண்டதில்லை. நாள் போகப் போக வலு ஏறும் பொருளை நான் பார்த்ததே இல்லை.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சுந்தர் என்னைப் பார்க்காமலே, “நீ கிட்ட நில்லு, நான் போடறேன்,” என்றார். ஊன்றினார். வியர்த்தது. இன்னொரு முறை ஊன்றினார்.

இதை எழுதும்போது அவர் கைத்தடி இல்லாமல் நடக்கிறார். கொஞ்சம் சாய்ந்த நடை. கிளட்ச் இல்லாத எலக்ட்ரிக் வண்டி ஓட்டுகிறார். அதில் இடது காலுக்கு வேலை இல்லை என்பதால், தினமும் ஷிப்ட் முடிந்ததும் எங்கள் தெருவைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் மாடியேறுகிறார். கடைசியாகப் போனபோது, எலும்பும் உலோகமும் எப்போது முழுசாகக் கூடும் என்று டாக்டரிடம் கேட்டேன். எலும்பு உயிரோடு இருக்கும்வரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டேதான் இருக்கும், முடிந்தது என்று ஒரு தேதி சொல்ல முடியாது என்றார். உங்களுக்கும் இதுபோல ஒன்று பொருத்தப்போகிறார்கள் என்றால், அந்தத் தேதியைத் தேடாதீர்கள். நாங்கள் தேடுவதை விட்டுவிட்டோம்.

போன ஞாயிறு அவர் காலுக்கு எண்ணெய் தடவினேன். தழும்பின் மேல் விரலை வைத்து, எலும்பு எங்கே முடிகிறது, உலோகம் எங்கே தொடங்குகிறது என்று அழுத்திப் பார்த்தேன். தெரியவில்லை. அவருக்குத் தெரிகிறதா என்று கேட்டேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“காலு மாதிரிதான் இருக்கு,” என்றார்.