போறணைக்குள் ஆறிய இரும்பு

எந்த மெஷின் இறுகிக்கொண்டாலும் சுத்தியலை எடுத்து இரண்டு போடு போடுவது என் வழக்கம். பாரிஸில் ஒரு பேக்கரியில் வேலை செய்தபோதும் அப்படித்தான், லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் சொந்தக் கடை போட்ட பிறகும் அப்படித்தான். அந்த வெள்ளிக்கிழமை காலை, மாவு குழைக்கும் மெஷினில் சட்டியைத் தாங்கும் இரும்புக் கை என் சுத்தியலடி தாங்காமல் இரண்டாகி என் காலடியில் விழுந்தது. மறுநாள் மத்தியானம் ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுச் சடங்குக்கு, உள்ளே கறி வைத்துச் சுட்ட நானூறு மரக்கறிப் பணிஸ் கொடுக்க வேண்டும். கடைக்கு வந்த முதல் பெரிய ஓடர்.

பக்கத்து ரயில் பாலத்தின் கீழே கராஜ் வைத்திருந்த அண்ணை நான் கூப்பிட்டதும் ஓடிவந்தார். ஜெர்மனியில் வெல்டிங் பழகியவர். உடைந்த இடம் சாம்பல் நிறமாக இருந்தது. தொட்டால் பென்சில் கரி போல விரலில் ஒட்டியது.

“இது வார்ப்பிரும்பு, தங்கச்சி. எவ்வளவு பாரத்தையும் தாங்கும். மெஷினின்ரை நடுக்கத்தையும் தனக்குள்ளை அடக்கும். ஆனால் அடிச்சால் வளையாது, உடைஞ்சுபோகும்.”

துண்டுகளை நான் பணிஸ் சுடும் போறணையில் சூடாக்கி, கராஜில் ஒட்டி, சுடச்சுடத் திரும்பவும் போறணைக்குள் வைத்து நெருப்பை அணைத்தார்.

“இனித் தானா ஆறவேணும். கெதியா ஆறினால் வெடிக்கும். ஆறு மணிக்கு வாறன், அதுவரைக்கும் கதவைத் திறக்கப்படாது.”

ஓம் என்றேன். மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையைத் திரும்பவும் துடைத்தேன். கறியை வதக்கி இறக்கினேன். மணிக்கூடு நகர்வதாக இல்லை, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு மணிக்கு, பார்ப்பதற்கு மட்டும், ஒரு விரற்கடை திறந்தேன். பின்வாசல் குளிர்காற்று உள்ளே போனது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். உடனே சாத்தினேன்.

ஆறு மணிக்கு அண்ணை வந்து வெளியே எடுத்தார். ஒட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

“திறந்தனீரோ?”

“இல்லை அண்ணை.” வாய் முந்திக்கொண்டது.

அவர் வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். “அப்ப என்ரை கைப்பிழைதான்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

அன்றிரவு நானும் என் கணவரும் மாவைக் கையாலேயே குழைத்தோம். நானூறு பணிசும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதன்பிறகு ஒரு கிழமை கையைத் தூக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அண்ணை மறுபடி ஒட்டிக் கொண்டுவந்தார். இரும்பை வைத்துப் போறணைக் கதவைச் சாத்தியதும், கடையிலிருந்து ஒரு கதிரையை இழுத்து அதற்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

“கராஜுக்குப் போகேல்லையோ அண்ணை?”

“இல்லைப் பிள்ளை. இரும்பு ஆறும்வரைக்கும் இங்கை இருக்கிறன்.”

குரலில் கோபமே இல்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணியை நீட்டினேன்.