ஆடியில் முடிந்த வாரண்டி

எங்கள் காருக்கு வாரண்டி முடிந்தது ஆடி மாதக் கடைசியில். கியர்பாக்ஸ் படுத்தது புரட்டாசியில். இடையில் வந்த ஆவணிக்காகத்தான் நான் காத்திருந்தேன். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். என் மகன்கூடச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

என் மனைவிக்கு மறதி நோய். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதி இல்லை, அது எனக்கே தாராளமாக இருக்கிறது. அவளுக்கு மனிதர்கள் ஒவ்வொருவராக மறந்துபோனார்கள். முதலில் மாடி வீட்டுக்காரர்கள், அப்புறம் மருமகள், அப்புறம் மகன், கடைசியில் நான். செம்பூர் வீட்டின் கூடத்தில் நான் எதிரே போய் நின்றால் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். "யாரு நீங்க? அவுக வீட்டுல இல்லையே, பொறவு வாங்க" என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

காரில் ஏறிவிட்டால் மட்டும் கதை வேறு. நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன், அவள் என் இடது பக்கம். வண்டி தெருமுனையைத் தாண்டும்வரை என் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வருவாள். பிறகு, "ஏங்க, கண்ணாடியத் தொடச்சியளா? முன்னால ஒண்ணும் தெரியலையே" என்று ஆரம்பிப்பாள். ஸ்டியரிங்கைத் தன் கையால் தொட்டதில்லை, ஆனால் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தந்தவள் அவள்தான். தாராவியில் குடித்தனம் போட்டு, யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு பழைய வண்டியை வாங்கிய நாளிலிருந்து அந்த வேலையை அவள் விட்டதே இல்லை. "சிக்னல் விழுந்துட்டு, பாக்கலையா நீங்க? அந்த லாரிக்காரன் பின்னாலயே ஏன் போறீய?" என்று வழி நெடுக அதிகாரம்தான். அந்த அதிகாரத்தைக் கேட்கத்தான் நான் தினமும் சாயங்காலம் வண்டியை எடுத்தேன்.

நேரே பார்த்தால் தெரியாதவன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் எப்படித் தெரிகிறான் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் மூளையின் படம் ஒன்றைக் காட்டி ஏதோ விளக்கினார். எனக்குப் பிடிபடவில்லை. ஆண்டவன் ஒரு பக்கத்தையாவது விட்டுவைத்தானே என்று இருந்துவிட்டேன். செம்பூரிலிருந்து கிங்ஸ் சர்க்கிள், அங்கே ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்திக் காப்பித்தூளோ பூவோ வாங்குவது, வடாலா வழியாகத் திரும்பி வருவது. அந்த ஒரு மணி நேரம் நான் அவளுக்குப் புருஷன். மிச்ச நேரமெல்லாம் அந்த வீட்டில் நான் யாரோ.

இந்தக் காரை வாங்கும்போதே ஆட்டோமேட்டிக் கியர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அப்போதே அவளுக்கு மறதி ஆரம்பித்திருந்தது. ஓடுகிற வண்டியில் திடீரென்று கதவுப் பிடியில் கை வைப்பாள். கியர் போடுகிற வேலை இல்லையென்றால் என் இடது கை சும்மாதானே இருக்கும், அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஷோரூமில் வண்டியைப் பற்றி ஆயிரம் பெருமை பேசினார்கள். நான் வாங்கியது அந்த ஒரு பெருமைக்காக.

இனி ஆடிக் கதைக்கு வருகிறேன். வாரண்டி முடியப் போகிறது, அதற்கு முன் வண்டியைக் கொண்டுவந்து காட்டிப் பணம் கட்டினால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துக்கொள்ளலாம் என்று கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. வந்ததே பதினெட்டாம் பெருக்கு கழிந்த பிறகு. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் பெருக்கு அன்றைக்கே கட்டியிருப்பேன். என் மனைவி ஆடியில் ஒரு விளக்குமாறுகூட வாங்க மாட்டாள். ஊரே ஆடித் தள்ளுபடிக்கு முண்டியடித்தாலும் அவள் அசைய மாட்டாள். எங்கள் கல்யாணப் பேச்சையே ஆடி என்பதற்காக ஒரு மாதம் நிறுத்தி வைத்த குடும்பம் அது. வாலிபத்தில் இதற்காக அவளைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது அவளுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. தெரியாமல் போனதால்தான் என்னால் மீற முடியவில்லை. அவளால் சண்டை போட முடியாது என்று தெரிந்துகொண்டு அவள் சட்டத்தை உடைப்பதா? அவள் விட்டதை நானாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. வாரண்டி முடிவதற்கும் ஆவணிக்கும் நடுவில் நாலைந்து நாள்தானே, இன்சூரன்ஸ்காரன் சலுகை தருவதுபோல இவர்களும் தருவார்கள் என்று நினைத்தேன். ஆவணி முதல் தேதி குளித்துவிட்டுப் போய் நின்றேன். "தேதி தாண்டிவிட்டது" என்றார்கள்.

சரி, ஓடுகிற வண்டிதானே என்று திரும்பிவிட்டேன். பட்ட காலிலே படும் என்பார்கள். வடாலாவில் ஒரு சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டி நகரவில்லை. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசைய மறுக்கிறது, முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பின்னால் எல்லா ஹாரன்களும் அலறின. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, கத்திட்டுப் போட்டும். நீங்க பதறாதீய" என்றாள். அவளுக்கு நான் தைரியம் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு அவள் சொன்னாள். அன்றைக்கு நான் இன்னார் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்து வாஷியில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். கியரை மாற்றிவிடும் மின்னணுப் பெட்டி போய்விட்டதாம். அதைத் தனியாகத் தர மாட்டார்களாம், கூடவே இன்னும் பாதி கியர்பாக்ஸை மாற்ற வேண்டுமாம். வண்டியை இப்படியே விற்றால் கிடைப்பதைவிட அதிகமான தொகையைக் கவுண்டரில் இருந்த பையன் பல் தெரியச் சிரித்தபடி சொன்னான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். "இதுக்குப் பதிலா எக்ஸ்சேஞ்ச்ல புது வண்டி எடுத்துக்கோங்க அங்கிள்" என்று இந்தியில் யோசனை வேறு. வாரண்டி இருந்தவரை ஒரு இருமல்கூட இல்லாத வண்டிக்கு, வாரண்டி போனதும் காசநோயா? கணக்குப் பார்த்துச் சாகிற மாதிரிதான் செய்து அனுப்புகிறீர்களா என்று கத்தினேன். ஏசி அறையில் காத்திருந்த இன்னும் மூன்று நான்கு பேர் தலையாட்டினார்கள். அவர்களும் என்னைப் போல வாரண்டி முடிந்தவர்கள்தான்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார், மராத்திக்காரர். அவருக்கு ஆடியைப் பற்றி எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். அப்போது அவர்களுக்குப் பித்ரு பக்ஷம், நம் மகாளய பட்சம், நடந்துகொண்டிருந்தது. பக்கத்து ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்; அந்தப் பதினைந்து நாளில் மராத்திக்காரர்கள் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். "உங்க ஆட்களுக்கு இது இருக்கிறதே, அதே மாதிரிதான் எங்களுக்கு ஆடி" என்றேன். மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. என் தோளில் கை வைத்து, "என் அம்மாவும் இப்படித்தான்" என்றார். அன்றைக்கே கம்பெனிக்கு எழுதிப் போட்டார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, "சிஸ்டம் நஹி லே ரஹா, அங்கிள்" என்றார். மனிதர்கள் ஒத்துக்கொண்டார்கள், கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

இதற்குள் தாராவியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரையும் வாஷிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். எங்கள் பழைய வண்டியை அறுபது அடி சாலையில் வைத்துப் பலமுறை உயிர்ப்பித்தவர், கடையநல்லூர்ப் பக்கத்து பாய். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார். "அண்ணாச்சி, நம்ம பழைய வண்டின்னா இந்நேரம் பிரிச்சுப் போட்டிருப்பேன். இது பொட்டிக்குள்ள பொட்டி. நான் தொட்டா கம்ப்யூட்டர் பூட்டிக்கிடும். எனக்கு இது தெரியாது" என்றார். தெரியாது என்று சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கிருந்த கடைசி வாசலும் அடைபட்டது. வைப்புநிதியை உடைத்துப் பணத்தைக் கட்டினேன். உதிரிபாகம் கப்பலில் வர வேண்டும், தீபாவளி தாண்டும் என்றார்கள்.

வீட்டில் சாயங்காலம் ஆனால் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். எதற்கு நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது, அந்த வேளை மட்டும் அவள் உடம்பில் இருந்தது. மாடி வீட்டுக்காரர் மனது வைத்துத் தன் காரைக் கொடுத்தார். கையால் கியர் போடுகிற வண்டி. முதல் திருப்பத்திலேயே நான் கியரில் கை வைத்த நேரம் அவள் கதவைத் திறந்துவிட்டாள். நல்லவேளை, வேகம் இல்லை. ஓரத்தில் நிறுத்தினேன். விஷயம் தெரிந்ததும் மகன், "அப்பா, ரிஸ்க் மத் லோ. நம்ம வண்டி வர்றவரைக்கும் நீங்க எந்த வண்டியும் ஓட்ட வேண்டாம். டாக்ஸியில கூட்டிட்டுப் போங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. மறுநாளிலிருந்து டாக்ஸி.

டாக்ஸியில் முன்னால் ஓட்டுபவன் ஒருவன், பின்னால் நாங்கள் இருவர். முதல் நாள் அவள் நடுங்கிவிட்டாள். முன்னால் இருக்கிற ஆளைப் பார்த்து, "அது யாரு? அவுக எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்குத் தெரிந்த புருஷன் ஸ்டியரிங் முன்னால் அல்லவா இருப்பான்! பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருந்த என்னை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. "பயப்படாதம்மா, அது டிரைவர். நல்ல மனுஷன். நம்மளக் கொண்டுவந்து விட்டுருவாரு" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னேன். தினமும் சொன்னேன். ஓட்டுகிறவர் டிரைவர், டிரைவர் நல்லவர், டிரைவர் வீட்டில் விட்டுவிடுவார். மெதுவாக நடுக்கம் நின்றது. பிறகு வண்டியில் ஏறியதும் அவளே முன்சீட்டைக் காட்டி, "டிரைவரு" என்பாள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! எதையுமே புதிதாகப் பிடிக்காத மனதில் ஒரு சொல் தங்கிவிட்டதே என்று மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பாவி, எதற்குச் சந்தோஷப்படுகிறோம் என்று தெரியாமல் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

தீபாவளி கழிந்து வண்டி வந்தது. கழுவித் துடைத்து, புதிதாக மாற்றிய பாகங்களுக்கு மட்டும் ஆறு மாதம் வாரண்டி என்று சிரித்த முகமாகக் கொடுத்தார்கள். நான் எதையும் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு ஓட்டி வந்து, அவளுக்கு நல்ல சேலை உடுத்திவிட்டேன், தலைக்குப் பூ வைத்தேன். முன்கதவைத் திறந்து இடது பக்கம் உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டேன். கியர் வெண்ணெயாக விழுந்தது. வண்டி தெருமுனையைத் தாண்டியது. அவள் என் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தாள். பிரேக்கை வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்திப் போட்டேன், திட்டட்டும் என்று. திட்டவில்லை. கிங்ஸ் சர்க்கிள் போனது, வடாலா போனது. நான் இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்தேன்.

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். கோபம் இல்லை, கூச்சம்தான். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "டிரைவரண்ணே, நேரமாயிட்டு. அவுக வீட்டுல தேடுவாக. சீக்கிரமாக் கொண்டுபோய் விட்டுருங்க" என்றாள்.

எனக்கு ரோடு தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் ஓட்டினேன். அவள் பயப்படக் கூடாது என்பதற்காகச் சத்தம் வராமல் அழுதேன். "சரிம்மா, இந்தா வந்துட்டு" என்று மட்டும் சொன்னேன். டிரைவர் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

வீடு வந்ததும் இறங்கிப்போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவள் இறங்கி, கேட் அருகே நின்று, உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, தன்னால் ஒருவருக்குச் சிரமம் என்கிற சங்கடத்தோடு, "ஒரு நிமிஷம் நில்லுங்கண்ணே, அவுக வந்து காசு தருவாக" என்றாள். நான் நின்றேன். அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னைத் தேடினாள்.