நீல முகத்தோடு போன விண்ணப்பம்

மைக் செட் மணி அண்ணன் போய்விட்டார். நேற்று சாயங்காலம். தகவல் வந்ததிலிருந்து எதிலும் மனசு ஒட்டவில்லை...

மலைமேல் சோளக்காடு பஸ் ஸ்டாப் பக்கத்தில் அவர் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் பண்டிகை, எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். சில வருடம் முன்பு நான் அங்கே இ-சேவை மையத்தில் ஆபரேட்டராக இருந்தபோது பழக்கம்.

ஒரு சனிக்கிழமை, யாரோ அன்பாகக் கொடுத்த பலாப்பழத்தை கம்ப்யூட்டர் டேபிளுக்கு அடியில் வைத்துவிட்டு ஊருக்கு இறங்கிவிட்டேன். கீழ்நாட்டுக்காரன் புத்தி. மலையில் சின்னப் பிள்ளைகூட அந்த வேலையைச் செய்யாது.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் பழம் பாதி, மானிட்டர் கேபிள் பாதி. எலி இரண்டையும் ஒரு கை பார்த்திருந்தது. மையத்தில் இருந்ததே அந்த ஒரு பழைய மானிட்டர்தான்.

நாமக்கல்லில் இருந்து மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். சரி என்று உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு ஆலத்தூர் நாட்டுப் பக்கமிருந்து சுகந்தி என்ற பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம். அன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. பஸ் பிடித்துக் கீழே போனாலும் நேரத்துக்குச் சேர முடியாது.

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அங்கே நிற்க முடியாமல் மணி அண்ணன் கடைக்கு ஓடினேன்.

"கம்ப்யூட்டரு எனக்குத் தெரியாதுங்க சார். ஒயருன்னா பாக்கலாம், வாங்க."

வந்தவர் முதலில் டேபிளுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "பழத்த இங்க வெச்சுப்போட்டு எலியத் திட்டறீங்களா? அது பாவம், விருந்துக்குல்ல வந்துருக்குது."

கேபிளைக் கீறினார். உள்ளே தலைமுடி கனத்தில் ஒயர்கள். ஒவ்வொன்றாகப் பற்றவைத்து டேப் சுற்றினார். ஒன்று அறுந்தது. மறுபடியும் பற்றவைத்தார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலேகாலுக்கு ஸ்கிரீன் வந்தது. மளமளவென்று எல்லாம் நிரப்பி, போட்டோவை ஏற்றினால்... சுகந்தியின் முகம் நீலம். கேபிளில் சிவப்பு ஒயரும் நீல ஒயரும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அனுப்பும் பட்டன் மேல் என் விரல் நின்றுவிட்டது. போட்டோ சரியில்லை என்று தள்ளிவிட்டால் ஒரு வருடம் போச்சு. மறுபடி பிரிக்கவும் நேரமில்லை.

மணி அண்ணன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். "ஏனுங்க சார், ஸ்பீக்கரு கிழிஞ்சா பாடறவன் தொண்டையா கிழிஞ்சுபோவுது?"

"அது வேறங்கண்ணா..."

"ஒண்ணுதானுங்க. கோளாறு இந்த ஒயருல. புள்ள போட்டோ உள்ளார நல்லாத்தான் இருக்கும். அமுத்துங்க."

படித்தவன் நான். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் சொன்ன பிறகுதான் விரல் நகர்ந்தது. நாலு ஐம்பதுக்கு விண்ணப்பம் போனது.

எங்கள் பிரிண்டர் கறுப்பு வெள்ளை. அதனால் போட்டோ எந்த நிறத்தில் போனது என்று அன்றைக்கு யாருக்கும் நிச்சயமில்லை. ஐந்து மணியோடு தளத்தையும் மூடிவிட்டார்கள், திரும்பத் திறந்து பார்க்க வழியில்லை. அடுத்த சில நாள் நான் சரியாகத் தூங்கவே இல்லை.

மறுநாள் நான் மையத்தைத் திறக்கும்போதே அண்ணன் வந்து, யாரும் கேட்காமலே இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டுவிட்டுப் போனார். கேபிளை ஸ்பீக்கர் ஒயர் மாதிரி சுவரில் உயரமாக ஆணியடித்துக் கட்டியும் வைத்தார். எலிக்கு எட்டாதாம்.

கலந்தாய்வுக் கடிதம் சுகந்தி அப்பாவின் போனுக்கு வந்தது. அதிலிருந்த போட்டோவில் முகம் அவள் நிறத்திலேயே இருந்தது. அந்த மனிதர் நேராக மைக் செட் கடைக்குப் போய்த்தான் அதைக் காட்டினார்.

இன்று அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சுகந்தியும் இருந்தாள். இப்போது மலையிலேயே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் மூச்சுக்குச் சிரமப்பட்ட கடைசி நாட்களில் தினமும் வீட்டுக்கு வந்து பார்த்தது அவள்தான் என்று அண்ணி சொன்னார்கள்.

ஒன்பதரை பஸ் சத்தம் கேட்டது. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவளும் சொல்லாமல்தான் எழுந்தாள்.

அண்ணிதான் அவள் கையைப் பிடித்து, "டூட்டிக்கு நேரமாச்சு கண்ணு. அங்க சனம் காத்துக்கிட்டிருக்கும். போயிட்டு வா சாமி" என்றார்கள். பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி கண்டுகொள்ளவில்லை.

நானும் அங்கே சொல்லாமல்தான் வந்தேன்.

இங்கே சொல்லிக்கொள்கிறேன்... வாரேங்க மணி அண்ணா.