பழனிச்சாமியைச் சரியாகச் சொன்ன குரல்

என் மூக்கு கம்ப்யூட்டர் திரையில் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டிருந்ததை முதலில் கவனித்தவர் சிஸ்டம் அக்காதான். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீசில் தொழிலாளர் வருகையைத் தமிழில் பதிவு செய்வது என் வேலை. அங்கிருந்த கம்ப்யூட்டர்களையெல்லாம் பராமரித்ததால் அவருக்கு அந்தப் பெயர். பிழைப்புக்காகத் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவருடையது; பெண்களை 'ட்டி' போட்டு அழைக்கும் ஊர்ப் பேச்சு அவரைவிட்டுப் போகவில்லை.

"கண்ணு தெரியலையாட்டி?" என்று கேட்டார்.

"கொஞ்சங் கொஞ்சமாப் போயிட்டிருக்குதுங்கக்கா. டாக்டரும் கைய விரிச்சுட்டாருங்க. மேனேஜருக்குத் தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிருவாங்க."

மறுநாள் அக்கா, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை என் கணினியில் நிறுவினார். எங்கோ யாரோ ஆயத்தமாகச் செய்துவைத்தது. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஆங்கிலத்தைக் கணீரென்று வாசித்த அந்தக் குரல், தமிழ்ப் பெயர் வந்ததும் வாயை மூடிக்கொண்டது. அதில் தமிழைச் சேர்க்காமலே விட்டிருந்தார்கள். "சோர்ஸ் கோடுல தமிழ் இருக்குட்டி. நாமளே கம்பைல் பண்ணிக்கிடலாம்" என்றார்.

மூல நிரலை இறக்கி, அதிலிருந்து மென்பொருளை நம் கணினியிலேயே உருவாக்கும் அந்த வேலை லேசில் முடியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. ஏதோ ஒரு கோப்பு இல்லையென்று எரர் காட்டிப் பாதியில் நின்றுவிடும்; அதைத் தேடிக் கொண்டுவந்தால் இன்னொன்றைக் கேட்கும். நடுவில் கரண்டும் போகும். வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "சும்மா இருட்டி. என்ன வேணும்னு அது வாயத் திறந்து கேக்குதுல்லா, குடுப்போம்" என்று தட்டிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் அது தமிழ் பேசியது. "பலனிச்சாமி" என்றது. எங்கள் கம்பெனியில் திரும்பிய பக்கமெல்லாம் பழனிச்சாமிகள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "ரெடிமேடா இருந்தா இதோட விட்டிருக்கணும். இது நம்ம கையிலதான இருக்கு" என்று உச்சரிப்பு விதிகளைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தார். நான் காது கொடுத்துக் கேட்டுச் சொல்ல, அவர் மாற்ற, 'ழ' ஒருவழியாக வந்து சேர்ந்தது. அன்று நான் அழுதது கண் போகிறதே என்பதற்காக அல்ல.

பிறகு மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் பதிவு செய்வதைப் பின்னால் நின்று பார்த்தார். "வேலதான் நடக்குதுங்களே, அப்புறமென்னங்க" என்று போய்விட்டார்.

அக்கா தன் திருத்தத்தை அந்த மென்பொருளை உருவாக்கியவர்களுக்கே அனுப்பினார். அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகு அதை அவர் மறந்தேவிட்டார்.

இன்று நான் பார்வையற்றோருக்குக் கணினி கற்றுத் தருகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அதே மென்பொருளை ஆயத்தத் தொகுப்பாகவே இறக்கி நிறுவினாள். நிறுவியதும் அது அவளுடைய தமிழ்ப் பாடத்தை, 'ழ' உட்பட, தடையில்லாமல் வாசித்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். நான் வெளியே வந்து அக்காவை அழைத்துச் சொன்னேன்.

"ஒரு எரர்கூட வரலியாட்டி?" என்று கேட்டார்.

"இல்லீங்கக்கா. ஒண்ணுகூட வரலீங்க."