சும்மா கிடந்த இரண்டாவது பிராசஸர்

செல்வின் அண்ணாச்சி, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

இதை மனதில் போட்டுக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இன்னும் ஓட்டியிருப்பேன். போன வாரம் என் மகள், எந்த லேப்டாப் வாங்கலாம் என்று ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் நீங்கள். தலை நரைத்திருக்கிறது, கடை மூன்று மாடி ஆகியிருக்கிறது. தூத்துக்குடிக்கு முதன்முதலில் இரண்டு பிராசஸர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது நீங்கள்தானாம். இந்த ஊர் ஆபீஸ்கள் வேகம் பிடித்ததே அதனால்தானாம். சும்மா லெட்டர் அடிக்கிறவர்களுக்கும் அது தேவை என்று அன்றைக்கே சொன்னீர்களாம். "யாரும்மா இவரு, தெரிஞ்சவரா?" என்றாள் மகள். தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பீச் ரோடு பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். கப்பலில் போகிற சரக்குக்காக கஸ்டம்ஸில் கொடுக்க வேண்டிய காகிதங்களை அடிப்பது வேலை. குண்டு மானிட்டர் காலம். அந்த ஆபீஸை நினைத்தாலே எனக்கு நிலாவரை இலை வாசனைதான் முதலில் வரும். வெளிநாட்டுக்காரன் வயிறு சுத்தமாவதற்கு வாங்குகிற பேதி இலை. சாம்பிள் பொட்டலங்கள் அலமாரி முழுக்க இருக்கும். மழைக்காலத்தில் அந்த வாசனை சோற்று டப்பாவுக்குள்ளேயே இறங்கிவிடும். "இந்த வாசத்துக்கே நமக்கு எல்லாம் போயிரும்ளா, சோத்தை வேற எதுக்குக் கட்டிக்கிட்டு வாரே" என்பாள் ஜெபமணி அக்கா.

ஜெபமணி அக்கா நாசரேத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் இரண்டு பெண் பிள்ளைகளை அந்த ஆபீஸ் சம்பளத்தில்தான் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாசிப்பாள், நான் அடிப்பேன். அடித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிப்பாள், நான் திரையில் விரல் வைத்துக்கொண்டே வருவேன். கோயிலில் வேதம் வாசித்துப் பழகிய குரல். மூட்டைக் கணக்கும் எடையும் கன்டெய்னர் நம்பரும் ஏசாயா ஆகமம் மாதிரி வரும். தாள் சரியாக இருந்தால் கடைசியில் "ஆமென்" என்பாள். அதற்குப் பிறகுதான் பிரின்ட். நானோ மூன்றையும் எட்டையும் மாற்றி அடிக்கிற அவசரக்காரி. அக்கா இல்லையென்றால் முதல் வாரமே என்னைத் துரத்தியிருப்பார்கள்.

அங்கேதான் நீங்கள் அந்த இரண்டு பிராசஸர் பெட்டியோடு வந்தீர்கள். மூடியைக் கழற்றிக் காட்டினீர்கள். உள்ளே இரண்டு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளி புது பைக் இன்ஜினைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு மூளை அண்ணாச்சி. ஒண்ணு அடிக்கும், இன்னொண்ணு சரி பாக்கும்" என்றீர்கள்.

முதலாளி பெட்டியைப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நான் குனிந்து, அடித்துவைத்த தாளில் மூன்றையும் எட்டையும் தேட ஆரம்பித்தேன்.

அக்கா மட்டும் சிரித்தாள். "அதை வாசிக்கச் சொல்லுங்க, நான் உக்காந்து கேக்கேன்." நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அது வாசிக்காது என்று மட்டும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் அக்காவை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. பெட்டியே சரி பார்க்கும்போது இரண்டு ஆள் எதற்கு என்றார். அவர் கெட்டவர் இல்லை. துறைமுகத்தில் இரண்டு கிரேன் நின்றால் சரக்கு இரண்டு மடங்கு ஏறும் என்று பார்த்துப் பழகியவர். கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று நம்பினார்.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டி படுத்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த சர்வீஸ்காரர் நோண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இதில் ஏற்றியிருக்கிற சிஸ்டம் சாஃப்ட்வேருக்கு இரண்டாவது பிராசஸர் இருப்பதே தெரியாது, வாங்கிய நாளிலிருந்து அது சும்மா கிடக்கிறது என்றார். வேறு சிஸ்டம் போட்டால் அது வேலை செய்யும். படம் வெட்டி ஒட்டுகிறவனுக்கும் பெரிய பெரிய கணக்குப் போடுகிறவனுக்கும் பலன் உண்டு. உங்களுக்கு எதற்கு என்று கேட்டார். "நீங்க ஒரு எழுத்து அடிச்சிட்டு அடுத்த எழுத்துக்கு வர்றதுக்குள்ள மொத பிராசஸரே ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிரும்மா." காகிதத்தைப் பார்த்துச் சரி பார்ப்பது எந்த பிராசஸரும் செய்கிற வேலையில்லை என்றும் சொன்னார்.

அப்போது முதலாளி துறைமுகத்துக்குப் போயிருந்தார். கேட்டவள் நான் ஒருத்திதான். அவர் வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அக்காவைத் திரும்பக் கூப்பிடுவார். கூப்பிட்டபின் இரண்டு பேரில் ஒருத்தி போதும் என்று நினைத்தால்? மூன்றையும் எட்டையும் மாற்றுகிறவள் யார் என்று அவருக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். உங்கள் பேச்சு அவளுக்கு முன்னாலேயே எல்லா இடத்துக்கும் போயிருந்தது. கடைசியில் இறால் கம்பெனி. இங்கிலீஷிலும் தமிழிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின விரல்கள் ஐஸ் தண்ணீரில் இறால் உரித்தன. அந்தக் கம்பெனி காகிதமும் எங்கள் ஆபீஸுக்குத்தான் வந்தது. அவள் உரித்த இறாலின் எடையை நான் தனியாக உட்கார்ந்து, மனதுக்குள் வாசித்து வாசித்து அடித்தேன்.

உங்கள் வீடியோவைப் பார்த்த மறுநாள் பஸ் ஏறி முத்தையாபுரம் போனேன். அக்கா அங்கேதான் இருக்கிறாள். கை விரல்கள் மடங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், சர்வீஸ்காரர் சொன்னது உட்பட.

"அப்பமே தெரியுமாளா ஒனக்கு?"

தெரியும் என்றேன்.

"எம் மூத்தவ பன்னெண்டாவதோட நின்னது அந்த வருசந்தான்" என்றாள். திட்டவில்லை. காப்பி போட எழுந்து உள்ளே போனாள். அவள் திரும்பி வரும்வரை என்னால் அங்கே உட்கார முடியவில்லை. சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. அப்படி வாசித்து அடிக்கிற ஆபீஸே இந்த ஊரில் இல்லை. இப்போதெல்லாம் ஒரு பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு எல்லாக் காகிதத்தையும் தனியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புகிறாள். தப்பு வந்தால் திட்டும் அவள் ஒருத்திக்குத்தான். பக்கத்தில் நாற்காலி கிடையாது. அங்கே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவும் தெரியாது. அவள் கம்ப்யூட்டரில் எத்தனை பிராசஸர் இருந்தால் எனக்கென்ன.

செல்வின் அண்ணாச்சி, எனக்குத் தனியாகப் போன் செய்யாதீர்கள். கடைக்குக் கூப்பிட்டு டீ வாங்கித் தராதீர்கள். அந்த வீடியோவில் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, ஜெபமணி என்று பேரைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள். அந்த இரண்டாவது பிராசஸர் சும்மா கிடக்கும் என்று தெரிந்தே விற்றீர்களா, தெரியாமல் விற்றீர்களா? தெரிந்தே வாயை மூடியவள் நான் என்று என் பதிலை இங்கே எழுதிவிட்டேன். உங்கள் பதில் என்ன?