தெருமுனையில் நிற்காத வண்டி

அமரர் ஊர்தியின் பின்கதவு திறந்திருந்தது. டீச்சர் அதன் இரும்புப் படியில் ஒரு காலை வைத்திருந்தார். மற்றது இன்னும் தரையில் இருந்தது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். வண்டிக்குள் நடுவில் அவருடைய அப்பாவின் உடல். இருபுறமும் நீளமான பெஞ்சுகள், பாதிக்கு மேல் காலி.

புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் எங்களுக்கு எதிர்வீடு அவர்களுடையது. டீச்சரின் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் ‘சொல்தா’, சிப்பாய்க்கு பிரெஞ்சில் அதுதான் பெயர். மனைவி முன்பே காலமாகிவிட்டார். மகன் பாரிஸில். கடைசி ஆண்டுகளில் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தவர் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் அப்போது ஒரு நாளிதழில் புதிதாகச் சேர்ந்த நிருபர்.

எங்கள் தெருவில் பாடையின் பின்னால் பெண்கள் முனை வரை அழுதுகொண்டே நடப்பார்கள். அங்கே திரும்பி வீட்டுக்கு வந்து தலை முழுகுவார்கள். யாரும் யாரையும் தடுத்து நான் பார்த்ததில்லை. தடுக்கும் அவசியமே வந்ததில்லை; அந்த இடம் வந்ததும் கால்கள் தாமாகத் திரும்பும்.

அன்று பாடை கட்டவில்லை. தூக்கத் தோள் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. தெருவின் இளைஞர்களில் பலர் பிரான்சில், மிச்சப்பேர் சென்னையில். மகனுக்கு விமான டிக்கெட் கிடைக்கவில்லை. கருவடிக்குப்பம் மயானமோ ஊரின் மறுகோடி. டீச்சரின் பெரியப்பாதான் பொறுப்பெடுத்து வண்டிக்குச் சொன்னார். அவரே இப்போது கதவருகே நின்றார்.

“நீ எங்கம்மா ஏறுற? மொன வரைக்கும் வந்துட்டுத் திரும்பு.”

“வண்டி கூட எப்படிப் பெரியப்பா நடக்கறது? ஓடத்தான் வேணும்.”

யாரோ சிரித்து, இருமலாக்கி மறைத்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. “அப்பாவ தனியா அனுப்ப மாட்டேன். மொனையில நிறுத்தச் சொல்லுங்க, எறங்கிக்கறேன்.”

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். “ஏறுறவங்க ஏறுங்க சார். பின்னாடி ஸ்கூல் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.”

“சரி, ஏறு. மொனையில எறங்கிடணும், ஆமா.”

நான் எதிர்ப் பெஞ்சில் இருந்தேன். ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த தகரத்தைத் தட்டுவதற்காகப் பெரியப்பா கையை உயர்த்தியே வைத்திருந்தார். முனை வந்தது. வண்டி வளைந்த வேகத்தில் உடல் ஒருபக்கம் சரிந்தது. டீச்சர் சட்டென்று குனிந்து அப்பாவின் தலையை இரண்டு கைகளாலும் தாங்கினார். தினமும் அந்தத் தலையைத் தூக்கித் தண்ணீர் புகட்டிய கைகள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா தட்டவில்லை.

“வுட்டுடாத. கெட்டியாப் புடிச்சுக்கம்மா,” என்றார். பிறகு அவரும் குனிந்து தம்பியின் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

கொள்ளி வைத்தது பெரியப்பாதான். அந்த உரிமையை டீச்சர் கேட்கவில்லை. கடைசி வரை பக்கத்தில் நின்றார். “சுடுகாட்டுல பயமா இல்லியா டீச்சர்?” என்று தெருப் பெண்கள் கேட்டபோது, “எங்கப்பா கிட்ட எனக்கென்ன பயம்?” என்றார். பெரியம்மா மட்டும் நெடுநாள் அவரோடு பேசவில்லை.

சமூக மாற்றம் குறித்த கூட்டங்களுக்கு அதன்பின் நிறையப் போய்ச் செய்தி எழுதியிருக்கிறேன். சட்டத்தால் வந்தது என்பார்கள், படிப்பால் வந்தது என்பார்கள். நான் மறுக்க மாட்டேன். பிள்ளைகள் கடல் கடந்து போயிருக்காவிட்டால் அந்த வண்டி எங்கள் தெருவுக்கு வந்திருக்காது. டீச்சர் கால் வைக்கப் படியும் இருந்திருக்காது. ஆனால் அதே வண்டி பக்கத்துத் தெருக்களுக்கும் போனது. அங்கே இன்னும் பல காலம் பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். பெஞ்சுகள் காலியாகப் போய்வந்தன. தேவை ஒரு வழக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். தளர்ந்த இடத்தில் காலை வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கொள்கை இருந்தாக வேண்டும் என்பதில்லை, விட முடியாத ஒன்று இருந்தால் போதும். எங்கள் தெருவில் அடுத்த சாவு விழுந்தபோது ஒரு மகள் வண்டியில் ஏறினாள். ஆட்சேபித்தவர்களுக்கு அவள் சொன்ன பதில், “டீச்சர் போனாங்கல்ல?” அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

போன மாதம் டீச்சர் இறந்தார். வண்டி வந்து பின்கதவைத் திறந்ததும் முதலில் ஏறியவர் பெரியப்பாவின் மருமகள். அவரைத் தொடர்ந்து தெருப் பெண்கள், டீச்சரிடம் படித்த பெண்கள் என்று இரண்டு பெஞ்சும் நிறைந்துவிட்டது. கொள்ளி வைக்க வேண்டிய பெரியப்பாவின் மகன் கீழே நின்று எட்டிப் பார்த்தார்.

“எனக்கு எடம்?”

“ஸ்கூட்டர்ல வந்து கொள்ளி வெச்சா எரியாதா? பின்னாடியே வாங்க,” என்றார் அவர் மனைவி, டீச்சரின் தலைமாட்டில் நன்றாக ஒட்டி உட்கார்ந்தபடி.

கணவர் சட்டைப் பையில் சாவியைத் தேடினார். நானும் போய் என் வண்டியை எடுத்தேன்.